போதைக்கு ஒரு கதவு, வீட்டு அடிக்கு இன்னொரு கதவு: சிறிய அறக்கட்டளை அரசிடம் பணம் கேட்பது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஐந்தாறு பேர் சேர்ந்து மூன்று வருடத்துக்கு முன் ஊரில் ஓர் அறக்கட்டளை பதிவு செய்தீர்கள். மாலையில் பிள்ளைகளுக்கு ட்யூஷன் நடக்கிறது. எட்டாம் வகுப்புப் பையன் உதட்டுக்கு அடியில் கூல் லிப் என்கிற புகையிலைப் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் அண்ணன் வலி மாத்திரைக்கு அடிமை. அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கிறார். போதையையும் அடியையும் சேர்த்துத் தடுக்க ஏதாவது செய்ய வேண்டும், இதற்கு அரசாங்கத்தில் பணம் கிடைக்குமா, யாரைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைக்கும். ஆனால் 'சேர்த்து' என்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். உங்களுக்கு அது ஒரே வீட்டுக்குள் நடக்கும் ஒரே பிரச்சினை. அரசுக்கு அது மூன்று துறை. போதைத் தடுப்புப் பணம் டெல்லியில் சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்தில் இருக்கிறது. பெண்கள் மீதான வன்முறைக்கான பணம் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தில். விழிப்புணர்வுக்கென்று கொஞ்சம் மாநில மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையில். மூன்றுக்கும் தனித்தனிக் கணக்குத் தலைப்பு, தனித்தனி அதிகாரி. 'போதை மற்றும் வன்முறைத் தடுப்புத் திட்டம்' என்று ஒரே மனுவாக எழுதிக்கொண்டு போனால், இவர் அவரைப் பாருங்கள் என்பார், அவர் இவரைப் பாருங்கள் என்பார். நான் பார்த்த முதல் முன்மொழிவு அப்படித்தான் எட்டு மாதம் அலைந்துவிட்டுக் கோப்போடு திரும்பி வந்தது.

இரண்டும் ஒன்று என்பதை அரசின் சொந்தக் கணக்கே சொல்கிறது என்பது வேறு விஷயம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, கணவர் அடிக்கடி குடித்துவிட்டு வரும் வீடுகளில் 70 சதவீதப் பெண்கள் அவரிடம் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். குடிக்காத கணவர் என்றால் அது 23 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் எந்தத் துறைக்கு எழுதினாலும் முதல் பக்கத்தில் வையுங்கள். ஆனால் பணம் கேட்கும் பக்கத்தில் மட்டும் வேலையைப் பிரித்துவிடுங்கள்.

சரி, முதல் கதவு.

மத்திய அரசு 1985-86 முதலே மது, போதைத் தடுப்புக்குத் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் கொடுத்து வருகிறது. இப்போது அது 'போதைப்பொருள் தேவைக் குறைப்புக்கான தேசியச் செயல்திட்டம்' என்ற பெயரில் இருக்கிறது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து என்.ஏ.பி.டி.டி.ஆர். என்பார்கள். 2020 ஆகஸ்ட் 15 அன்று 272 மாவட்டங்களில் தொடங்கி, பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்த 'நஷா முக்த் பாரத் அபியான்' இதன் விழிப்புணர்வு முகம். பேனரில் பார்த்திருப்பீர்கள். 14446 என்ற உதவி எண்ணும் இந்த அமைச்சகத்துடையதுதான்.

இதில் தொண்டு நிறுவனங்கள் நடத்தக்கூடியவை முக்கியமாக நான்கு. ஐ.ஆர்.சி.ஏ. என்பது படுக்கை வசதியுள்ள மறுவாழ்வு மையம், 15, 30, 50 படுக்கை என்று அளவு உண்டு. ஓ.டி.ஐ.சி. என்பது போதையில் இருப்பவர்கள் பயமில்லாமல் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகும் இடம். அங்கே ஆலோசனை கிடைக்கும், சிகிச்சைக்கு எங்கே போவது என்று வழிகாட்டுவார்கள். சி.பி.எல்.ஐ. என்பது 10 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கானது. அவர்களிலேயே சிலரைப் பயிற்றுவித்து, அவர்கள் மூலம் மற்ற பிள்ளைகளிடம் போவது. இந்த மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைப்பது மாவட்டப் போதை மீட்பு மையம், டி.டி.ஏ.சி. அமைச்சகத்தின் உதவி பெறும் மையம் எதுவுமே இல்லாத மாவட்டங்களுக்காக அதைக் கொண்டுவந்தார்கள்.

உங்களுக்குப் பொருந்துவது சி.பி.எல்.ஐ. மட்டும்தான். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதிதாக வருகிற எல்லோருக்கும் முதலில் 'ஒரு சென்டர் போட்டுவிடலாம்' என்றுதான் தோன்றும். கட்டடம் கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழா வைக்கலாம், நாலு பேர் வந்து ரிப்பன் வெட்டுவார்கள். ஆனால் ஒருவரைப் படுக்கவைத்துச் சிகிச்சை கொடுக்கும் இடம் என்றால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி மாநில மனநல ஆணையத்திடம் பதிவு வேண்டும். மருத்துவர், செவிலியர், ஆலோசகர் வேண்டும். குடியை நிறுத்திய ஓரிரு நாளில் வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று தெரிந்தவர் ராத்திரியில் அங்கே இருக்க வேண்டும். பதிவில்லாத மீட்பு இல்லங்களில் ஆட்கள் அடிபட்டுச் செத்த செய்திகளை நாம் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம். ட்யூஷன் நடத்தும் அறக்கட்டளைக்கு அது வேலை இல்லை. அண்ணன் மாதிரி சிகிச்சை தேவைப்படுகிறவர்களை அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரும் உண்டு. 2019-ல் எய்ம்ஸ் இதே அமைச்சகத்துக்காகச் செய்த ஆய்வில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. மீதி 37 பேரில் பலருக்கு எங்கே போவது என்றே தெரியாது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஓ.பி. சீட்டு வாங்கிக் கொடுப்பதே பெரிய வேலை, அதற்குச் சென்டர் தேவையில்லை.

விண்ணப்பம் போகும் வழியைச் சொல்கிறேன். முதலில் நீதி ஆயோக் நடத்தும் 'என்.ஜி.ஓ. தர்பன்' தளத்தில் அறக்கட்டளையைப் பதிய வேண்டும். அங்கே கிடைக்கும் அடையாள எண் இல்லாமல் மத்திய அரசிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. அறங்காவலர்களின் பான் எண்ணும் அதில் கேட்பார்கள். யாராவது ஒருவருக்கு பான் அட்டையில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல் என்று இருக்கும். அதை இன்றைக்கே சரிசெய்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசி நாளில் அதற்குத்தான் ஓடுவீர்கள். அடுத்து, வங்கிக் கணக்கை பி.எஃப்.எம்.எஸ். என்கிற பொது நிதி மேலாண்மை முறையில் பதிவது. அப்புறம் அமைச்சகத்தின் 'இ-அனுதான்' தளத்தில் முன்மொழிவு. அறக்கட்டளைப் பத்திரம், மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, ஆண்டறிக்கை, நிர்வாகக் குழுத் தீர்மானம், இடத்துக்கான வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஏற்ற வேண்டும். மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வருவார்கள், மாநில அரசின் பரிந்துரை போகும், பிறகு டெல்லியில் தேர்வுக் குழு பார்க்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தத் திட்டத்தின் செலவு வரம்புகள் 2025-26-ல் முடியும் ஐந்தாண்டுச் சுற்றுக்குப் போட்டவை. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய பி.டி.எஃப்.-ஐ வைத்து பட்ஜெட் போடாதீர்கள். அமைச்சகத் தளத்தில் இருக்கும் வழிகாட்டிக் குறிப்பை எடுத்து, அதன் தேதியைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். புதிய முன்மொழிவுகளை வருடம் முழுக்க வாங்குவதும் இல்லை.

விண்ணப்பத்தோடு ஒரு சான்று கேட்பார்கள். பொது நிதி விதிகள் 2017-ல், 230-ஆம் விதி. இதே நோக்கத்துக்காக மத்திய அரசின் வேறு துறையிடமோ மாநில அரசிடமோ நாங்கள் மானியம் வாங்கவில்லை, விண்ணப்பிக்கவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேலையைப் பிரிக்கச் சொன்னது இதனால்தான். சக வயதுப் பிள்ளைகளுக்கான பயிற்சியை இங்கே கேட்டால், அதே பயிற்சியை 'வளரிளம் பெண்கள் முகாம்' என்று பெயர் மாற்றி அங்கே கேட்கக் கூடாது. ஒரே ஊழியருக்கு இரண்டு இடத்திலும் சம்பளம் காட்டக் கூடாது. சேர்ந்த வேலையைப் பிரிப்பது செயற்கையாகத்தான் இருக்கும், எனக்கும் பிடிக்காது. ஆனால் கோடு கிழித்தே ஆக வேண்டும். பிள்ளைகள், போதை என்றால் இந்தப் பக்கம். பெண்கள், வீட்டு வன்முறை என்றால் அந்தப் பக்கம்.

அந்தப் பக்கத்துக்கு வருவோம். இங்கே சின்ன நிறுவனத்துக்கு நேரடி மானியம் குறைவு, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்கள் பாதுகாப்புக்காக 2013-ல் 1,000 கோடி ரூபாயோடு மத்திய அரசு தொடங்கிய நிர்பயா நிதி பெரிய நிதிதான். அதில்தான் 2015 ஏப்ரலில் தொடங்கிய, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள், 181 மகளிர் உதவி எண் எல்லாம் நடக்கின்றன. இப்போது இவையெல்லாம் 'மிஷன் சக்தி' என்ற ஒரே குடையின் கீழ். ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி பாதிக்கப்பட்ட பிறகு வரும் உதவிக்குத்தான் போகிறது. அடி விழுவதற்கு முன்னால் தடுப்பதற்கு என்று தனியாக ஒரு மானியத் தலைப்பைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். தங்கும் இல்லத் திட்டமான சக்தி சதனும் உங்களுக்கானது இல்லை.

அப்படியென்றால் அங்கே போய் என்ன செய்வது? மாவட்ட சமூக நல அலுவலரைப் பாருங்கள். அவருடைய அலுவலகத்தில் விழிப்புணர்வுக்கு என்று வரும் பணம் ஒன்று உண்டு. உதாரணமாக, பெண் குழந்தைகளைக் காப்பதற்கான மத்தியத் திட்டத்தில், மாவட்டத்தின் பிறப்புப் பாலின விகிதத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 20, 30 அல்லது 40 லட்சம் ரூபாய் மாவட்டத்துக்கு ஒதுக்கீடு உண்டு. ஆட்சியர் ஒப்புதலோடு செலவாகும் பணம். உங்கள் கைக்கு அது மானியமாக வராது. ஆனால் 'இத்தனை ஊரில் இத்தனை கூட்டம், ஆட்களை நாங்கள் திரட்டுகிறோம், பேசுகிறவரும் எங்கள் ஆள், செலவு உங்களுடையது' என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் அவருக்கும் வேலை சுலபம். ஆள் திரட்டுவதுதான் அரசு அலுவலகங்களுக்குப் பெரிய தலைவலி, அது உங்களிடம் இருக்கிறது.

இன்னொன்று, 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு. பெண்களின் உரிமைக்காக வேலை செய்யும் நிறுவனம் மாநில அரசிடம் 'சேவை வழங்குநர்' என்று பதிவு செய்துகொள்ளலாம். பதிந்தால், பாதிக்கப்பட்ட பெண் விரும்பினால் குடும்ப வன்முறை அறிக்கையை நீங்களே பதிவு செய்து மாஜிஸ்திரேட்டுக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்பலாம். மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பலாம், தங்குமிடம் ஏற்பாடு செய்யலாம். பைசா வராது. ஆனால் அடுத்த வருடம் எந்த விண்ணப்பம் போட்டாலும் அந்தப் பதிவுக் கடிதத்துக்குத் தனி மரியாதை.

குழந்தைகள் பக்கத்தில் 'மிஷன் வாத்சல்யா' என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. ஊர் அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று காகிதத்திலாவது இருக்கும். அதைக் கூட்டச் சொல்லி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். நகரமாக இருந்தால், போலீஸ் நடத்தும் சிறார் மன்றங்கள் இளைஞர் அடிதடியைத் தடுக்க நல்ல இடம்.

இப்போது கலெக்டர் ஆபீஸ். என் அனுபவத்தில் முதல் வருடத்துக்கு உருப்படியான இடம் டெல்லி இல்லை, இதுதான். அங்கே உதவி ஆணையர் (கலால்) என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் மாவட்ட முகம். கள்ளச்சாராயம், மது, போதைப்பொருள் எதிர்ப்புப் பிரச்சாரத்துக்காக மாநில அரசு ஒதுக்கும் பணம் ஆட்சியர் வழியாக இந்த அலுவலகத்தில்தான் செலவாகிறது. தெருக்கூத்து, கலைக்குழு, பள்ளி நிகழ்ச்சி, துண்டுப் பிரசுரம் என்று. 2023-24-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். மதுவை விற்பதும் இதே துறையின் கீழ்தான், குடிக்காதே என்று பாட்டுப் பாடச் சொல்வதும் இதே துறைதான். சிரிப்பு வந்தால் வெளியே வந்து சிரித்துக்கொள்ளுங்கள், உள்ளே மனுவைக் கொடுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு, மாவட்டங்களில் இந்தப் பிரச்சாரத்துக்குக் கேட்பார் உண்டு.

மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையில் போதைப்பொருள் ஒருங்கிணைப்புக் கூட்டம் நடக்கும். என்கார்ட் என்பார்கள். போலீஸ், கல்வி, சுகாதாரம், சமூக நலம் எல்லாம் ஒரே மேசையில் உட்காரும் ஒரே கூட்டம் அது. அதற்குச் சிறப்பு அழைப்பாளராக ஒருமுறை போக முடிந்தால், ஆறு அலுவலகப் படி ஏறுவது மிச்சம். கேட்டுப் பாருங்கள், பல ஆட்சியர்கள் மறுப்பதில்லை.

பணமாகக் கேட்காமல் பொருளாகவும் ஆளாகவும் கேட்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேட்டால் வக்கீல் இலவசமாக வந்து பேசுவார். போதையால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் ஒரு திட்டம் வகுத்திருக்கிறது, அதைச் சுட்டிக் கேளுங்கள். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர்கள் கிடைப்பார்கள். பள்ளிகளில் போதை எதிர்ப்பு மன்றம் இருக்கிறது. ஆசிரியர்களுக்கான வாழ்க்கைத் திறன் பயிற்சிப் பாடங்களை 'நவசேதனா' என்ற பெயரில் சமூக நீதி அமைச்சகமே தயாரித்திருக்கிறது, நீங்கள் புதிதாக எழுத வேண்டாம். மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பு கூடும் நாளில் அரை மணி நேரம் வாங்கினால், அறுபது பெண்களைத் திரட்டும் செலவு மிச்சம். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு சின்ன மானியத்தில் பாதி வந்துவிடும். எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதியை நம்பாதீர்கள். கட்டடத்துக்கும் பொருளுக்கும் ஆகும், உங்களுக்குத் தேவையான சம்பளத்துக்கு ஆகாது.

முன்மொழிவில் என்ன எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். 'இன்றைய இளைய சமுதாயம் போதையின் பிடியில் சிக்கிச் சீரழிகிறது' என்று தொடங்காதீர்கள். படிப்பவர் அன்றைக்கு அந்த வரியைப் பத்தாவது முறையாகப் படிக்கிறார். உங்கள் ஊரை எழுதுங்கள். பள்ளியிலிருந்து எத்தனை மீட்டரில் பெட்டிக்கடை, எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை எத்தனை பேர் படிப்பை விட்டார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வெட்டுக்காயத்தோடு வந்தவர்கள் சனி, ஞாயிறில் எத்தனை பேர். அதே 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின் மாவட்ட அறிக்கையில் குடிக்கும் ஆண்களின் சதவீதம் கிடைக்கும். தமிழ்நாடு முழுக்க 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் அது 25.4. வீட்டு வன்முறைக்கு மாநில எண்தான் உண்டு, 18 முதல் 49 வயதுக்குள் திருமணமான பெண்களில் 38.1 சதவீதம். மாவட்டத்துக்குத் தனியாகக் கிடைக்காது, அதனால் அந்த இடத்தில் யாரும் எண்ணைக் கற்பனை செய்து போட வேண்டாம்.

கிராம சபைத் தீர்மானம் ஒன்று சேருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு சபை. பெண்கள் இருபது பேர் எழுந்து, பள்ளிக்குப் பக்கத்துக் கடையையும் மாலை நேரப் பையன்களையும் பற்றிப் பேசி, தீர்மானமாக எழுதவைத்து நகல் வாங்கிவிட்டால், எத்தனை புகைப்படத்தை ஒட்டினாலும் வராத எடை அந்த ஒரு தாளில் வரும்.

அப்புறம், என்ன செய்யப் போகிறீர்கள் என்பது. உலகப் போதை எதிர்ப்பு நாளான ஜூன் 26 வந்தால் எல்லா ஊரிலும் பேரணி, மனிதச் சங்கிலி, உறுதிமொழி. அரசுக்கும் அது பிடிக்கும், போட்டோ நன்றாக வரும். ஆனால் ஐ.நா.வின் போதைப்பொருள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் சேர்ந்து வெளியிட்ட தடுப்பு நெறிமுறைகள் வேறு மாதிரி சொல்கின்றன. ஒருநாள் சொற்பொழிவு, பயமுறுத்தும் படம், திருந்தியவரை மேடையேற்றிக் கதை சொல்லவைப்பது, இவற்றால் பலன் இல்லை என்கின்றன. பலன் தருவது மெதுவான வேலை. பிள்ளைகளுக்குத் தொடர்ந்து பல வாரம் வாழ்க்கைத் திறன் வகுப்பு, பெற்றோருக்குப் பிள்ளை வளர்ப்புப் பயிற்சி. இந்தப் பெற்றோர் பயிற்சி வீட்டில் பிள்ளைகள் மீதான அடியையும் குறைக்கிறது, ஆக உங்கள் இரண்டு பிரச்சினையும் சந்திக்கும் இடம் அதுதான். முன்மொழிவில் ஒரு பேரணியை வைத்துவிடுங்கள், அது இல்லாமல் கோப்பு நகராது. மீதி பதினொரு மாதத்துக்கு உண்மையான வேலையை எழுதுங்கள்.

பட்ஜெட்டில் 'இதர செலவுகள்' என்று ஒரு வரி போட்டால் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுப்பீர்கள் என்றால் 'சிற்றுண்டி, 40 பிள்ளைகள், வாரம் 2 நாள், 48 வாரம்' என்று பிரித்துப் போடுங்கள். சுண்டல் இல்லாமல் மாலை ஆறு மணிக்குப் பையன் வரமாட்டான் என்பது நமக்குத் தெரியும், டெல்லியில் கோப்புப் பார்ப்பவருக்குத் தெரியாது.

உங்கள் மாவட்டத்தில் யாருக்கு ஏற்கெனவே கிடைத்தது என்று தெரியாமல் விண்ணப்பிக்காதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள்: கடந்த மூன்று ஆண்டில் இந்த மாவட்டத்தில் எந்த நிறுவனங்களுக்கு, எந்தத் திட்டத்தில், எவ்வளவு. முப்பது நாளில் பதில் வர வேண்டும். பெரிய நிறுவனம் ஒன்று ஏற்கெனவே மையம் நடத்துகிறது என்று தெரிந்தால், அவர்களோடு சேர்ந்து உங்கள் ஒன்றியத்தில் வேலை செய்யும் கூட்டாளியாகப் போவது முதல் வருடத்துக்குப் புத்திசாலித்தனம்.

பணம் வந்த பிறகு என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதில்தான் நிறைய பேர் விழுகிறார்கள். முதலில், தாமதம். நான் கணக்கு எழுதிய ஒரு மையத்துக்கு ஏப்ரலில் வர வேண்டிய தவணை அடுத்த பிப்ரவரியில் வந்தது. பத்து மாதம் ஆலோசகருக்கும் சமையல்கார அம்மாவுக்கும் செயலாளர் தன் மனைவியின் நகையை வைத்துத்தான் சம்பளம் கொடுத்தார். ஆறு மாதச் சம்பளத்தைத் தாங்கும் கைப்பணம் இல்லாமல் முழுநேர ஆளை நியமிக்காதீர்கள்.

செலவு செய்ததற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ், யூ.சி. என்பார்கள், 12-ஏ படிவத்தில் ஆடிட்டர் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள். இது போகாமல் அடுத்த தவணை வராது. மானியப் பணத்துக்கு வங்கி போடும் வட்டி உங்களுடையது இல்லை, கணக்கு முடிந்ததும் பாரத்கோஷ் என்கிற அரசின் இணையக் கட்டணத் தளம் வழியாக அரசுக்கே திருப்பிக் கட்ட வேண்டும். அதே மையத்தில் நாலாயிரத்துச் சொச்சம் வட்டியை நான் 'இதர வரவு' என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்காக யூ.சி. திரும்பி வந்து, மூன்று மாதம் போனது. தப்பு என்னுடையதுதான்.

ஆய்வுக்கு வருபவர் என்ன பார்ப்பார் என்றால், வருகைப் பதிவேடு. ஒருமுறை வந்த அதிகாரி எதுவும் பேசாமல் பதிவேட்டைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். முப்பது நாள் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே நீல மை, ஒரே சாய்வு. முந்தின ராத்திரி உட்கார்ந்து போட்டது அப்படியே தெரிந்தது. வேலை உண்மையில் நடந்திருந்தது, பதிவேடுதான் பொய். அவர் எழுதிய குறிப்பில் வேலையும் பொய்யாகிவிட்டது.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி அரசுப் பணம் இல்லை என்றாலும், பொதுத்துறை நிறுவனங்களிடமும் அது இருப்பதால் ஒரு வார்த்தை. வருமானவரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவு இரண்டும், மூன்று ஆண்டு அனுபவமும் இருந்தால்தான் அந்த நிதியை வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவுப் படிவம் போட முடியும். உங்களுக்கு மூன்று ஆண்டு ஆகிவிட்டது, ஆடிட்டரிடம் பேசுங்கள்.

'டெல்லியில் ஆள் இருக்கிறது, பத்து பர்சன்ட் கொடுத்தால் சாங்ஷன் வாங்கித் தருகிறேன்' என்று ஒருவர் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தளம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. மானியத்துக்கான உறுதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது உங்கள் நிர்வாகக் குழு. பணம் திரும்பக் கேட்டால் பொறுப்பு உங்களுக்குத்தான், அவருக்கு இல்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கடைசியாகக் கேட்டது, கணக்கு எழுத ஆள் இல்லையே என்று. முழுநேர ஆள் வேண்டாம். உங்கள் ஊர் சுய உதவிக் குழுக்களில் பி.காம். படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண் ஒருத்தியாவது இருப்பாள். வாரம் ஒரு நாள், நியாயமான சம்பளம். ரொக்கப் புத்தகம், வவுச்சர் கோப்பு, சொத்துப் பதிவேடு, வருகைப் பதிவேடு என்று நாலு நோட்டு வாங்கிக் கொடுங்கள். மானியம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த மாதம் ட்யூஷனுக்கு வாங்கிய சாக்பீஸ் டப்பாவின் ரசீதிலிருந்தே எழுத ஆரம்பிக்கட்டும். ஆறு மாதம் கழித்து அந்த ரொக்கப் புத்தகத்தை ஆடிட்டர் முன்னால் வைக்கும்போது, நான்காவது ஆண்டுத் தணிக்கைக்கு அவர் உங்களிடம் பில்லைத் தேடச் சொல்லமாட்டார்.